பன்னிரண்டு வருஷம் கழித்து அண்ணன் வெளியே வருகிறார், முதலில் என்ன செய்வது?

திருச்சி மத்திய சிறையிலிருந்து அண்ணன் அடுத்த மாதம் வருகிறார், உள்ளே போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது, வந்த கையோடு ஒரு வேலையில் சேர்த்துவிடலாமா என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்.

வேலை ஒரு மாதம் பொறுக்கும், காகிதம் பொறுக்காது. கூட்டிவரப் போகும் அன்றே விடுதலைச் சான்று, உள்ளே உழைத்த கூலியில் மிச்சம், அன்றைக்கு ஒப்படைத்த பொருட்கள் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிவிடுங்கள். மணிபர்ஸில் பழைய ஐந்நூறு ரூபாய்த் தாள் இருந்தால் சிரித்துவிடாதீர்கள். 2016-இல் அது செல்லாமல் போனதை அவர் கேள்விப்பட்டிருப்பார், அவ்வளவுதான்.

அப்புறம் ஆதார். பழைய செல் நம்பர் எப்போதோ வேறு யாருக்கோ போயிருக்கும், எங்கே போனாலும் ஓடிபி கேட்பார்கள், அதனால் புது சிம் வாங்கி ஆதார் மையத்துக்கு அவரையே நேரில் கூட்டிப்போய்க் கைரேகை வைத்து நம்பரை மாற்றுங்கள். இது முடிந்தால்தான் ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, வங்கி எல்லாம் நகரும். இரண்டு வருஷம் வரவு செலவு இல்லாத கணக்கு முடங்கியிருக்கும், பத்து வருஷம் தாண்டினால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும், ஆனாலும் பயப்பட வேண்டாம், வங்கிக் கிளையில் எழுதிக் கொடுத்துத் திரும்பப் பெறலாம். ஓட்டும் போடலாம், சிறைக்குள் இருக்கும்வரைதான் தடை.

வீட்டில் ஒன்றைக் கவனியுங்கள். கதவு சாத்தியிருந்தால் அவர் தானாகத் திறக்காமல் அங்கேயே நிற்கலாம். ராத்திரி விளக்கை அணைத்தால் தூக்கம் வராமல் போகலாம், உள்ளே இரவெல்லாம் வெளிச்சம் எரிந்து பழகிய கண். கேள்வி கேட்காமல் விளக்கை எரியவிடுங்கள்.

சரி, வேலை. தண்டனை உண்டா என்று படிவத்தில் கேட்டால் மறைக்கவே கூடாது. மறைத்தது பிறகு தெரிந்தால் அதற்காகவே வேலை போகலாம். என்னைக் கேட்டால், உள்ளே கற்ற தொழில் (தையலோ, பேக்கரியோ) எதுவென்று கேட்டு, தெரிந்தவர் கடையில் ஆரம்பிப்பதே நல்லது.

முன்விடுதலையா, முழுத் தண்டனையும் கழித்து வருகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. முன்விடுதலை என்றால் ஆணையில் நிபந்தனைகள் இருக்கும், வரிவரியாகப் படியுங்கள், மீறினால் மிச்சத் தண்டனைக்குத் திரும்பப் போக நேரிடும். நன்னடத்தை அலுவலரைப் பார்க்கச் சொல்லியிருந்தால் முதல் தடவை நீங்களும் கூடப் போங்கள். ஊரில் எது நடந்தாலும் ஸ்டேஷனிலிருந்து இவரைத்தான் கூப்பிடுகிறார்கள் என்றால் ஓடி ஒளிய வேண்டாம், 15100-க்குப் போன் செய்து சட்டப்பணிகள் ஆணைக்குழு வக்கீலைக் கேளுங்கள்.