இந்தியா-ஆப்பிரிக்கா உறவு பற்றிய தேர்வு விடையில் பாதுகாப்பும் வளர்ச்சியும் ஒட்டலையா?

விடையில் ரெண்டும் ஒட்டாம தனித்தனியா நிக்குதுன்னு கேட்டிருந்தீங்க. மொரீஷியஸின் அகலேகா தீவை விடையின் நடுவில் வைங்க. நீங்க சொன்ன "பாதுகாப்பு ஒரு பத்தி, வளர்ச்சி ஒரு பத்தி" பிரச்சினை தீரும். அந்தத் தீவில் இந்தியா கட்டிக்கொடுத்த ஓடுதளமும் படகுத்துறையும் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டன. அவசர நோயாளியை ஏற்றிப்போகவும் கடலைக் கண்காணிக்கவும் அதே ஓடுதளம்தான்.

அநேகமா ரெண்டுக்கும் தனித்தனி நோட்டில் குறிப்பு எடுத்திருப்பீங்க. கோட்டூர்புரம் நூலகத்தில் என்னோட படிக்கிறவங்களில் பாதிப் பேர் அப்படித்தான். 2018-ல் உகாண்டா நாடாளுமன்றத்தில் ஆப்பிரிக்க உறவுக்காக மோடி சொன்ன பத்துக் கொள்கைகளை ஒரே தாளில் எழுதிப் பாருங்க. வேளாண்மை, பயங்கரவாத எதிர்ப்பு, கடல் எல்லாம் ஒரே பட்டியலில் இருக்கும்.

எழுதினதும் ஒரு பத்தியைக் கையால மறைச்சுப் படிங்க. மீதி குறையில்லாம நின்னா, இன்னும் ஒட்டலை.

அகலேகாவை 'ராணுவத் தளம்'னு மட்டும் எழுதிடாதீங்க. மொரீஷியஸ் அரசு அதை மறுத்திருக்கு.