கடைசித் தவணையைக் கையில் வைத்திருங்கள்

பெரிய கேலிபர் (குழல் விட்டம்) வேட்டை ரைபிளைச் சொல்லிச் செய்து வாங்குவோரின் கடிதங்கள் இந்த முறை நிறைய. நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன். உரிம விதிகள் நாட்டுக்கு நாடு மாறுவதால் அவற்றுக்குள் போகவில்லை. உரிமம் பெற்றவர், உரிமம் பெற்ற கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி செய்பவரிடம்) வேலை கொடுக்கிறார் என்ற கணக்கில்தான் எல்லாப் பதில்களும்.

கேள்வி: எருமை வேட்டைக்கு ஆப்பிரிக்கா போகிறேன். இதுவரை .30-06க்கு மேல் சுட்டதில்லை. .458 லாட் செய்யச் சொல்லவா, .375 ஹெச் அண்ட் ஹெச் போதுமா?

.375 போதும். 1912இல் வந்த தோட்டா. 300 கிரெயின் (எடை அளவு) குண்டை, அதாவது தோட்டாவிலிருந்து பறந்து போகும் பகுதியை, நொடிக்குச் சுமார் 2,500 அடி வேகத்தில் அனுப்பும். அங்கே பல நாடுகளில் ஆபத்தான விலங்குகளுக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச அளவு இதுவே, அல்லது இதையொட்டியதே. நீங்கள் பழகிய .30-06ஐவிட இதன் உதைப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. லாட்டின் உதைப்பு மூன்று மடங்குக்கும் மேல். உதைப்பை எதிர்பார்த்து விசையை வெடுக்கென்று இழுப்பவர் கையில் 500 கிரெயின் குண்டும் விலங்கைக் காயப்படுத்தத்தான் செய்யும். உங்கள் பயணப்பெட்டி வழியில் தொலைந்தாலும், போன இடத்தில் .375 தோட்டா கிடைக்க வாய்ப்பு அதிகம்.

கேள்வி: .458 லாட், 3.5 கிலோவுக்குள் வேண்டும். மலையில் தூக்கி நடக்க வேண்டுமே?

வேண்டாம். தோட்டா இல்லாமல் 4.5 கிலோவுக்குக் கீழே போகாதீர்கள்.

கேள்வி: என்னிடமிருந்த .375 மௌசர் ஆக்‌ஷனில் (தோட்டாவை ஏற்றிப் பூட்டிச் சுடும் இயங்குபகுதி) .416 ரிக்பி குழல் போடச் சொன்னேன். வேலை முடிந்து வந்தது. முதல் தோட்டா ஒழுங்காகப் போகிறது. இரண்டாவது சில நேரம் மேலே துள்ளி வெளியே விழுகிறது, சில நேரம் மூக்கு சேம்பர் (தோட்டா அமரும் குழலின் பின்பகுதி) விளிம்பில் முட்டி நிற்கிறது. கன்ஸ்மித், "மெதுவாகத் தள்ளிப் பழகுங்கள், சரியாகிவிடும்" என்கிறார்.

சரியாகாது. பழக வேண்டியது உங்கள் கை அல்ல, அவருடைய வேலைதான் குறை. இந்த வகைக் கடிதம் திரும்பத் திரும்ப வருகிறது. குழலுக்கும் சேம்பருக்கும் காசு வாங்குகிறார்கள், மேகசினை (தோட்டா அடுக்கும் பெட்டியை) அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

மௌசர் வகை மேகசினில் தோட்டாக்கள் இரண்டு வரிசையாக, ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கும். அந்தச் சாய்வு 30 பாகையில் அமைந்தால்தான் ஒவ்வொரு தோட்டாவும் பக்கத்துச் சுவரையும் கீழுள்ள தோட்டாவையும் சரியாக அழுத்தி, முறை வந்ததும் மேலே வரும். ஆகவே பெட்டியின் உள் அகலம், தோட்டா அடிப்பகுதியின் விட்டத்தைப் போல் 1.866 மடங்கு இருக்க வேண்டும். .375இன் அடிப்பகுதியைச் சுற்றிய பெல்ட் 13.5 மி.மீ., அதற்குப் பெட்டி சுமார் 25 மி.மீ. ரிக்பியின் அடிப்பகுதி 15 மி.மீ., அதற்கு 28 மி.மீ. வேண்டும். பழைய பெட்டியில் ரிக்பியைத் திணித்தால் தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்று செங்குத்தாக ஏறி நிற்கும். மேலே இருப்பது ரெயிலின் (மேகசின் வாயில் தோட்டாவைப் பிடிக்கும் விளிம்பு) பிடியிலிருந்து நழுவித் துள்ளும். பெட்டியை அளவுக்கு மீறி அகலப்படுத்தினால் இரண்டு வரிசையும் தட்டையாகப் படிந்து, தோட்டா மேலே வராமல் போல்ட் (முன்னும் பின்னும் நகர்ந்து தோட்டாவைத் தள்ளும் உருளை) அதன்மேல் வழுக்கிச் செல்லும். முன்பக்க அகலத்தைத் தோட்டாவின் தோள்பட்டை விட்டத்துக்குத் தனியாகக் கணக்கிட வேண்டும். அதனால்தான் ஒழுங்காகச் செய்த பெட்டி முன்னால் சற்றுக் குறுகியிருக்கும்.

நீளமும் மாறுகிறது. .375 முழுத் தோட்டா சுமார் 91 மி.மீ., ரிக்பி 95 மி.மீ. பெட்டியில் இன்னும் இரண்டு மூன்று மி.மீ. இடைவெளி இல்லாவிட்டால் ஒவ்வொரு உதைப்பிலும் குண்டின் மூக்கு முன்சுவரில் மோதி நசுங்கும். அடுத்து ரெயில். தோட்டாவை எந்த இடத்தில் விடுவிக்க வேண்டும் என்று ரெயிலின் விளிம்பைச் சிறிது சிறிதாக அரைத்து, டம்மி போட்டுப் பார்த்து, மறுபடி அரைக்க வேண்டும். அதிகமாக அரைத்துவிட்டால் அந்த ஆக்‌ஷன் வீண். நாள்கணக்கில் பொறுமை கேட்கும் வேலை. படத்தில் தெரியாது, அதனால் அதற்கு யாரும் விலை கேட்பதுமில்லை. போல்ட் முகத்தையும் 15 மி.மீ.க்கு விரித்திருக்க வேண்டும். அப்போது முகத்தைச் சுற்றி மிஞ்சும் உலோகம் போதுமா என்று பார்த்தாரா? கேளுங்கள்.

இனிச் செய்ய வேண்டியது: குறையை எழுத்தில் கொடுங்கள். வெடிமருந்தும், அதைப் பற்றவைக்கும் பிரைமரும் இல்லாத டம்மி தோட்டாக்களை, நீங்கள் பயன்படுத்தப்போகும் ஒவ்வொரு குண்டு வடிவத்திலும் கொண்டுபோங்கள். உருண்டை மூக்கும் தட்டை மூக்கும் வேறுவேறாக நடந்துகொள்ளும். மேகசினை நிரப்பி வேகமாக, மெதுவாக, ரைபிளைப் பக்கவாட்டில் சாய்த்து, அவர் முன்னிலையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மௌசர் போன்ற கண்ட்ரோல்ட் ஃபீட் ஆக்‌ஷனில் தோட்டா மேகசினை விட்டு வரும்போதே எக்ஸ்ட்ராக்டர் (தோட்டாவைப் பிடித்து வெளியே இழுக்கும் கொக்கி) நகத்தின் கீழ் நுழைந்துவிட வேண்டும். எந்த வேகத்தில் இழுத்தாலும் அது நடக்க வேண்டும். எருமை இருபது அடியில் வரும்போது யாரும் மெதுவாகத் தள்ளப் போவதில்லை.

இதே ஆக்‌ஷனில் இனி வேலை கொடுக்கப்போகிறவர்களுக்கு ஒன்று. .416 ரெமிங்டன் மேக்னம் (1988) .375இன் அதே அடிப்பகுதி, அதே நீளம். 400 கிரெயின் குண்டை ரிக்பி அளவு வேகத்திலேயே அனுப்புகிறது. அழுத்தம் ரிக்பியைவிட அதிகம், அது உண்மை. ஆனால் பெட்டியையும் போல்ட்டையும் தொட வேண்டியதில்லை. குழலை மாற்றி, ரெயிலைச் சரிபார்த்தால் போதும்.

கேள்வி: மஸில் பிரேக் (குழல் நுனியில் வாயுவைப் பக்கவாட்டில் விடும் பாகம்) போட்டால் உதைப்பு குறையுமாமே?

குறையும். பக்கத்தில் நிற்கும் வழிகாட்டியின் காது போகும்.

கேள்வி: அழகான வால்நட் கட்டை போட்ட .458 வின்செஸ்டர். இருபது தோட்டாகூட ஆகவில்லை, பிடியில் விரிசல் விட்டுவிட்டது. "மரத்தின் இயல்பு அப்படி, நாங்கள் பொறுப்பல்ல" என்கிறார்கள். நான் என்ன செய்தேன் என்றே தெரியவில்லை.

நீங்கள் எதுவும் செய்யவில்லை. ஒழுங்காகப் பொருத்திய கட்டை இருபது தோட்டாவில் விரிசல் விடாது. உங்களிடம் அப்படிச் சொல்லியிருக்கவே கூடாது.

திருகைக் கழற்றும் முன் விரிசலைப் பல கோணங்களில் படம் எடுங்கள். பிறகு கட்டையிலிருந்து ஆக்‌ஷனை எடுத்து மூன்று இடங்களைப் பாருங்கள். முதலில் டாங்க், அதாவது ஆக்‌ஷனின் பின்வால். அதற்குப் பின்னால் மரத்தில் அரை முதல் ஒரு மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளி இல்லாமல் மரம் நசுங்கி மினுமினுத்தால் காரணம் அதுதான். ஒவ்வொரு தோட்டாவுக்கும் டாங்க் விறகில் இறக்கிய ஆப்பாகப் பிடியைப் பிளந்திருக்கிறது. இரண்டாவது, ரிகாயில் லக் (உதைப்பைக் கட்டைக்குக் கடத்தும் அடிப்புடைப்பு) அமரும் பள்ளம். உதைப்பு முழுவதும் லக்கின் பின்முகத்தில், அதன் முழுப் பரப்பிலும் விழ வேண்டும். எபாக்சி பெடிங் (அசையாமல் அமர ஊற்றிய பிசின்) இருந்தால் அங்கே லக்கின் அச்சு தெளிவாகப் பதிந்திருக்கும். ஒரு மூலையில் மட்டும் தேய்ந்திருந்தால் பெடிங் சரியில்லை. மூன்றாவது, கிராஸ் போல்ட், அதாவது கட்டைக்குக் குறுக்கே போகும் திருகு. இந்த அளவு ரைபிளுக்கு இரண்டு வேண்டும்: ஒன்று லக்கின் பின்னால், மற்றது மேகசினுக்கும் விசைக்கும் இடையிலுள்ள மெல்லிய மரத்தில். குழலின் அடியில் இரண்டாவது லக் இருந்தால் இன்னும் நல்லது.

மரத்தின் ரேகையையும் பாருங்கள். சுழலும் ரேகை கட்டையின் பின்பகுதியில் இருக்கலாம்; பிடி வழியாக நேராக ஓட வேண்டும். பிடியில் ரேகை குறுக்கே வெட்டினால், அந்த மரத்துண்டைத் தேர்ந்தெடுத்தவர் அவர், பொறுப்பும் அவருடையது. படங்களோடு எழுதி, புதிய கட்டை கேளுங்கள். விரிசலை ஒட்டித் தருகிறேன் என்றால் ஏற்க வேண்டாம். டாங்க் இடைவெளியைத் திறக்காமல் ஒட்டினால் மறுபடி அதே இடம்தான் பிளக்கும். அதுவரை சுடாதீர்கள்.

கேள்வி: .416இல் ஸ்கோப் புருவத்தில் இடிக்கிறது. மவுண்டை (ஸ்கோப்பைப் பிடிக்கும் தாங்கியை) மாற்றவா, ஸ்கோப்பை மாற்றவா?

கண் தூரம் (கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே வேண்டிய தூரம்) 9 செ.மீ.க்குக் குறைவான ஸ்கோப் என்றால் அதை மாற்றுங்கள். குறைந்த உருப்பெருக்கம், அதாவது 1 முதல் 4 அல்லது 6 வரை போதும். மவுண்ட் அமரும் பேஸின் திருகுகள் 6-48 அளவென்றால் தடித்த 8-40க்கு மாற்றச் சொல்லுங்கள். இந்த உதைப்பில் மெல்லிய திருகு அறுந்துவிடும். கழற்றி மாட்டும் மவுண்டை விளம்பரத்தை நம்பி ஏற்காதீர்கள். குறி மாறவே மாறாது என்ற உறுதியோடு நான் வாங்கிய ஒன்று, ஒவ்வொரு முறை மாட்டும்போதும் வேறு இடத்தில் சுட்டது. விற்றவர் திருப்பி எடுக்கவுமில்லை. ஒரு தோட்டா சுட்டு, கழற்றி, மாட்டி, அடுத்தது என்று ஐந்து முறை சுட்டுப் பாருங்கள். ஐந்தும் வழக்கமாகக் குண்டுகள் விழும் வட்டத்துக்குள் விழாவிட்டால் திருப்பிக் கொடுங்கள். அந்தச் சோதனைக்கு ஒத்துக்கொள்ளும் கடையில் மட்டும் வாங்குங்கள்.

கேள்வி: முழுப் பணத்தையும் முன்பணமாகக் கொடுத்தேன், என் சொந்த ஆக்‌ஷனையும் கொடுத்தேன். மூன்று வருடமாகிறது. இப்போது தொலைபேசியையும் எடுப்பதில்லை.

வருத்தமாக இருக்கிறது. நம்பிக் கொடுத்த பணம், அதற்கு மேல் உங்கள் பெயரில் பதிவான ஆயுதத்தின் பாகமும் அவரிடம். முதலில் ஆக்‌ஷனை மீட்பதைப் பாருங்கள். அதன் தொடர் எண், கொடுத்த தேதி, ரசீது மூன்றையும் எடுத்து வையுங்கள். உங்கள் உரிம அலுவலகத்துக்கு எழுதுங்கள். கன்ஸ்மித்தின் பதிவேட்டில் அந்த எண் இருக்க வேண்டும், இல்லையென்றால் அது பணத் தகராறாக மட்டும் நிற்காது. அவருக்கு, பெற்றதற்கு ஒப்புகை கிடைக்கும் தபாலில், தேதி குறிப்பிட்டு, "ஆக்‌ஷனையும், வாங்கிய பாகங்களையும், மீதிப் பணத்தையும் இந்த நாளுக்குள் திருப்பித் தரவும்" என்று எழுதுங்கள். நாள் கடந்தால் நுகர்வோர் நீதிமன்றம். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடமும் உடனே கேளுங்கள். அங்கே காலக்கெடு உண்டு.

மற்றவர்கள் கவனிக்க வேண்டியது தவணை. ஆக்‌ஷனும் குழலும் வாங்க ஒரு பங்கு. அவை வந்ததும் உங்கள் பெயர் எழுதிய ரசீது வேண்டும். இரும்பு வேலை முடிந்து சுட்டுக் காட்டியதும் இன்னொரு பங்கு. கடைசி கால் பங்கு, உங்கள் தோட்டாவைப் போட்டு நீங்களே சுட்டு ஒப்புக்கொண்ட பிறகுதான்.

கேள்வி: புதிய ரைபிளின் இரும்புக் குறி (ஸ்கோப் இல்லாமல் பார்க்கும் முன், பின் குறிகள்) 50 மீட்டரில் 10 செ.மீ. கீழே சுடுகிறது. "சுடச் சுடச் சரியாகும்" என்கிறார்கள்.

ஆகாது. முன்குறியின் உயரத்தை மாற்ற வேண்டும். விலகலைக் குறிகளுக்கு இடையிலான நீளத்தால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுங்கள். இரண்டு குறிகளுக்கு இடையே 500 மி.மீ. என்றால், 100 × 500 ÷ 50,000 = 1 மி.மீ. முன்குறியை அவ்வளவு குறைத்தால் குண்டு மேலே ஏறும். ஒரே மூச்சில் தேய்க்காமல் பாதி தேய்த்துச் சுட்டுப் பார்த்து மீதியைத் தேய்க்க வேண்டும். மேலே சுடும் ரைபிளை முன்குறியைத் தேய்த்துச் சரிசெய்ய முடியாது, உயரமான முன்குறிதான் வேண்டும். ஒழுங்கான கன்ஸ்மித் வேண்டுமென்றே உயரமாக வைத்துக் கொடுப்பது அதற்காகத்தான். உங்களுடையவர் அதைச் செய்திருக்கிறார், ஆனால் வேலையை முடிக்கவில்லை. திருப்பிக் கொடுத்து முடிக்கச் சொல்லுங்கள், கட்டணம் கிடையாது.

கேள்வி: படத்தைப் பார்த்து .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் இரட்டைக் குழல் ரைபிள் ஒன்றை வாங்கினேன். நேரில் பார்க்கவில்லை. கையில் கிடைத்த தோட்டாவைச் சுட்டேன். வலது குழல் வலப்பக்கம், இடது குழல் இடப்பக்கம், ஒரு சாண் விலகிப் போகிறது. ஏமாந்துவிட்டேனா?

ஏமாற்றினார்கள் என்று இப்போதே சொல்ல முடியாது. நீங்கள் எதையும் கேட்டுக்கொள்ளாமல் வாங்கியிருக்கிறீர்கள். இவ்வளவு பணத்துக்கு ஒரு ரைபிளை, குழலின் உட்புறத்தைப் பார்க்காமல், குழல்கள் மூடும் இடத்தின் இறுக்கத்தைச் சோதிக்காமல், எந்தத் தோட்டாவுக்குச் சரிசெய்தது என்று ஒரு வரி கேட்காமல் எப்படி வாங்கினீர்கள்?

இரட்டைக் குழல் ரைபிளில் இரண்டு குழலும் ஒரே இடத்தில் சுடும்படி ஆப்பு வைத்து, சுட்டுப் பார்த்து, ஈயப்பற்றால் பிணைப்பார்கள். ஒரு குறிப்பிட்ட குண்டு எடைக்கும் வேகத்துக்கும் மட்டுமே அது பொருந்தும். .470இன் பழைய அளவு 500 கிரெயின், நொடிக்குச் சுமார் 2,150 அடி. தோட்டா மெதுவாக இருந்தால், குண்டு வெளியேறும் முன் உதைப்பு குழலைத் தன் பக்கமாக அதிகம் தள்ளிவிடும். குண்டுகள் விலகிப் போகும். வேகம் கூடினால் குறுக்கே கடக்கும். உங்களுடையது விலகுவதால், போட்ட தோட்டா மெதுவாக இருந்திருக்கலாம்.

குழல்களின் அடியிலுள்ள தட்டையான பரப்பைப் பாருங்கள். பழைய ஆங்கிலேயத் தயாரிப்பில் கார்டைட் (பழைய வெடிமருந்து) அளவும் குண்டின் எடையும் அங்கே பொறித்திருக்கும். குரோனோகிராஃப் (வேகமானி) வைத்து உங்கள் தோட்டாவின் வேகத்தை அளந்து, பொறித்த எடையில் பழைய வேகத்துக்குத் தயாரித்த தோட்டாவை இரண்டு குழலிலும் மாற்றி மாற்றிச் சுடுங்கள். இடையில் குழலை ஆறவிட வேண்டும். அப்போதும் விலகினால், அல்லது குழல்களைப் பிணைக்கும் ரிப்பைத் தட்டும்போது கலகலவென்று கேட்டால், பற்று விட்டிருக்கிறது. பழுதை மறைத்து விற்றார் என்று அப்போது கேட்கலாம். சேம்பரை யாராவது மாற்றியிருந்தால் அதன் பின் மறுபடி புரூஃப் (அழுத்தச் சோதனை) முத்திரை விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சி.ஐ.பி. (துப்பாக்கிச் சோதனைக்கான பன்னாட்டு அமைப்பு) நாடுகளில் ரைபிள் புரூஃப், உச்ச அழுத்தத்துக்கு 25 விழுக்காடு மேலான தோட்டாவால் நடக்கிறது. மாற்றத்துக்குப் பிறகு அந்த முத்திரை இல்லையென்றால் சுடுவதை நிறுத்திவிட்டு, புரூஃப் ஹவுஸுக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: செதுக்கு வேலைப்பாட்டுக்கு இப்போதே பணம் கட்டச் சொல்கிறார்கள்.

கட்டாதீர்கள். ரைபிளை வெள்ளை இரும்பாகவே, நீலமேற்றும் (துருவைத் தடுக்க நிறமேற்றும்) முன் சுட்டுக் காட்டச் சொல்லுங்கள். தோட்டா ஓட்டம், உதைப்பில் மேகசினின் அடித்தட்டு திறக்காமல் நிற்பது, குறி எல்லாம் சரியான பிறகு செதுக்கட்டும். நீலம் அதற்கும் பிறகு. வேலைப்பாடு முடிந்த ஆக்‌ஷனில் ரெயிலை அரைக்க எந்தக் கன்ஸ்மித்தும் கை வைக்கத் தயங்குவார்.