மசோதா வருகிறது, எந்த எம்.பி.யைப் பார்ப்பது?

பல்லடம் பக்கத்திலிருந்து ஒரு விசைத்தறி உரிமையாளர் எழுதியிருக்கிறார். பன்னிரண்டு தறி ஓட்டுகிறார், ஊர்ச் சங்கத்தின் செயலாளரும் அவர்தான். அவருடைய கேள்வி இது: "மின்சாரச் சட்டத்தைத் திருத்தப் போகிறார்கள் என்று அடிக்கடி பேச்சு வருகிறது. அப்படி மசோதா வந்தால் எங்கள் கருத்தை யாரிடம் சொல்வது? தொகுதி எம்.பி.யிடம் மனு கொடுத்தால் போதுமா? மாநிலங்களவை எம்.பி.யை நாங்கள் தேர்ந்தெடுக்கவே இல்லை, அவரைப் பார்த்து என்ன ஆகும்?"

இருவரையும் பாருங்கள். ஆனால் வாக்கெடுப்புக்கு முந்தின வாரம் போனால் இருவராலும் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. எந்த எம்.பி. என்பதைவிட எந்தக் கட்டத்தில் போகிறீர்கள் என்பதுதான் முக்கியம்.

காரணம் கொறடா உத்தரவு. 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டப்படி, கட்சியின் உத்தரவை மீறி அவையில் வாக்களிக்கும் எம்.பி. பதவியையே இழக்க நேரிடும். உங்கள் எம்.பி. நல்லவராக இருக்கலாம், உங்கள் கஷ்டம் அவருக்கு மனதாரப் புரிந்திருக்கலாம். வாக்கெடுப்பு நாளில் அவர் கை கட்சித் தலைமை சொன்ன பக்கம்தான் உயரும். மசோதா அவைக்கு வரும்போது அமைச்சகமும் அமைச்சரவையும் ஆளுங்கட்சித் தலைமையும் ஏறக்குறைய எல்லாவற்றையும் முடிவு செய்திருப்பார்கள். பெரிய தொழில் கூட்டமைப்புகளுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் வரைவு எழுதப்படும் காலத்திலேயே அமைச்சக அதிகாரிகளிடம் போய்விடுகிறார்கள். இப்படிப் போய்ப் பேசுகிறவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும், யாரைப் பார்த்தார்கள் என்று வெளியிட வேண்டும் என்று சொல்லும் சட்டம் நம் நாட்டில் இல்லை. இது எனக்கு நெடுநாளாகவே வருத்தம் தரும் விஷயம். பன்னிரண்டு தறிக்காரருக்கு டெல்லியில் அலுவலகம் கிடையாது.

சரி, மாநிலங்களவை எம்.பி. உங்களுக்கு எதற்கு? தமிழ்நாட்டுக்கு மக்களவையில் 39 இடம், மாநிலங்களவையில் 18. அந்த 18 பேரையும் எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆறு பேர் ஓய்வு பெற, அந்த ஆறு இடத்துக்குத் தேர்தல் நடக்கும். 234 எம்.எல்.ஏ.க்கள் வாக்களித்தால் ஒருவர் ஜெயிக்க 34 வாக்கு வேண்டும். ஆக, நீங்கள் போட்ட சட்டமன்ற ஓட்டுதான் சுற்றி வந்து அவரை அங்கே உட்கார வைத்திருக்கிறது. அவருக்குத் தனித் தொகுதி கிடையாது, மாநிலம் முழுக்க அவருடையதுதான். 18 பேரில் யாரிடம் வேண்டுமானாலும் நீங்கள் போகலாம். ஜவுளியோ மின்சாரமோ ஓரளவு தெரிந்தவராகப் பார்த்துப் போங்கள்.

அந்த அவையின் பலத்துக்கு ஓர் உதாரணம். நில எடுப்புச் சட்டத்தைத் திருத்த 2014 டிசம்பர் கடைசியில் அவசரச் சட்டம் வந்தது. 2015 மார்ச்சில் மக்களவை மசோதாவை நிறைவேற்றியது. மாநிலங்களவையில் அரசுக்குப் போதிய எண்ணிக்கை இல்லை. வெளியே விவசாயிகளின் எதிர்ப்பு, உள்ளே எண்ணிக்கைக் குறைவு. மசோதா இரு அவைக் கூட்டுக்குழுவுக்குப் போனது. அவசரச் சட்டத்தைத் திரும்பத் திரும்பப் பிறப்பித்துப் பார்த்தார்கள். கடைசியில் 2015 ஆகஸ்ட் முடிவில் அதைக் காலாவதியாக விட்டுவிட்டார்கள். அவைகள் முரண்பட்டால் கூட்டுக் கூட்டம் கூட்டி நிறைவேற்றலாம் என்று அரசியல் சாசனம் சொல்கிறது. ஆனால் 1961, 1978, 2002 என மூன்று முறைதான் அப்படி நடந்திருக்கிறது.

ஒரு விதிவிலக்கை மட்டும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். மசோதாவைப் 'பண மசோதா' (வரி, அரசுச் செலவு போன்றவை பற்றியது) என்று மக்களவை சபாநாயகர் சான்றளித்துவிட்டால் மாநிலங்களவைக்கு 14 நாள்தான். பரிந்துரை சொல்லலாம், அதை ஏற்பதும் தள்ளுவதும் மக்களவையின் இஷ்டம். 2016 மார்ச்சில் ஆதார் மசோதா இப்படித்தான் போனது. மாநிலங்களவை சொன்ன திருத்தங்களை மக்களவை அன்றைக்கே தள்ளிவிட்டது. அப்படிப்பட்ட மசோதா என்றால் மக்களவை எம்.பி.க்களிடமும் அமைச்சகத்திடமும்தான் உங்கள் நேரத்தைச் செலவிட வேண்டும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன்: நிலைக்குழு. மசோதாக்களைப் பிரிவு பிரிவாக அலசிப் பார்க்கும் எம்.பி.க்களின் குழு இது. துறைவாரியாக 24 நிலைக்குழுக்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். மின்சாரம் எரிசக்தி நிலைக்குழுவின் கீழ் வரும். கூட்டம் மூடிய கதவுக்குள் நடக்கும், கேமரா கிடையாது, கொறடா உத்தரவும் அங்கே செல்லாது. அவையில் வாய் திறக்க முடியாத எம்.பி. அங்கே அதிகாரியைப் பார்த்து, "இந்தப் பிரிவால் சின்ன தறிக்காரருக்கு என்ன ஆகும், கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா?" என்று கேட்கலாம். அந்தக் கேள்வியை அவர் கையில் கொடுக்க வேண்டியவர் நீங்கள்தான்.

எல்லா மசோதாவும் குழுவுக்குப் போவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 15ஆவது மக்களவைக் காலத்தில் 71 சதவீத மசோதாக்கள் குழுவுக்குப் போயின, 17ஆவதில் 16 சதவீதம்தான். இதை ஜனநாயகத்துக்கு நேர்ந்த பெரிய இழப்பாகவே நான் பார்க்கிறேன். அதனால் உங்கள் முதல் கோரிக்கையே "இதை நிலைக்குழுவுக்கு அனுப்பச் சொல்லுங்கள்" என்பதாக இருக்கட்டும். இந்த ஒன்றுக்காகவாவது இரு அவை எம்.பி.க்களையும் பார்க்க வேண்டும்.

மின்சாரத் திருத்த மசோதாவே நல்ல பாடம். 2022 ஆகஸ்ட் 8 அன்று மக்களவையில் அறிமுகமானது, எதிர்ப்பு கிளம்பியதும் எரிசக்தி நிலைக்குழுவுக்குப் போனது. 2024இல் மக்களவை கலைந்தபோது அதுவும் காலாவதியானது. மக்களவையில் நிலுவையில் இருப்பது கலைப்போடு போய்விடும். மாநிலங்களவையில் அறிமுகமாகி மக்களவைக்கு இன்னும் போகாதது அப்படியே உயிரோடு இருக்கும். ஆக, "அது செத்துப்போச்சு" என்று யாராவது சொன்னால் எந்த அவையில் அறிமுகமானது என்று கேளுங்கள்.

வெளியிலிருந்து கொடுக்கும் அழுத்தம் வேலை செய்யுமா? திருநங்கையர், திருநம்பியர் உரிமை மசோதாவைப் பாருங்கள். அப்போது தி.மு.க.வின் மாநிலங்களவை எம்.பி.யாக இருந்த திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதாவை (அமைச்சராக இல்லாத எம்.பி. கொண்டுவருவது) 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவை நிறைவேற்றியது. 1970க்குப் பிறகு எந்தத் தனிநபர் மசோதாவும் சட்டமானதில்லை, இதுவும் ஆகவில்லை. ஆனால் அரசு சொந்தமாக ஒரு மசோதா கொண்டுவர வேண்டிய கட்டாயம் வந்தது. மக்களவை 2018இல் நிறைவேற்றிய வடிவில் பிச்சை எடுப்பதைக் குற்றமாக்கும் பிரிவும், பாலினத்தை உறுதி செய்ய மாவட்டக் குழுவும் இருந்தன. சம்பந்தப்பட்டவர்கள் தெருவுக்கு வந்தார்கள், எம்.பி.க்களிடம் மனு கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். 2019இல் வந்த சட்டத்தில் அந்த இரண்டும் இல்லை. அவர்கள் கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை, மாவட்ட ஆட்சியரிடம் சான்றிதழ் வாங்கும் ஏற்பாடு நீடித்தது. ஆனாலும் இரண்டு பிரிவுகள் காகிதத்திலிருந்து போயின.

பிரிவு பிரிவாகப் பேசுவதுதான் வழி. சங்கங்கள் எழுதும் மனுக்களில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது, மூன்று பக்கமும் வேதனை, மசோதாவின் ஒரு பிரிவு எண்கூட இருக்காது. அதைக் குழுவின் அதிகாரி எந்த இடத்தில் சேர்ப்பார்? மசோதா வந்ததும் பிரதியை நாடாளுமன்ற இணையதளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: பிரிவு எண், அது சொல்வது, உங்கள் தறிக் குடோனில் அதனால் என்ன ஆகும், அதற்குப் பதில் என்ன வாசகம் வேண்டும். மூன்றாவது கட்டத்தில் கணக்கு இருக்கட்டும். இரண்டு மாதத்துக்கு எத்தனை யூனிட் ஓடுகிறது, மாநில அரசு இலவசமாகத் தரும் 1,000 யூனிட் கழித்து எவ்வளவு கட்டுகிறீர்கள், ஒரு மீட்டர் துணிக்கு எவ்வளவு கூலி வருகிறது, கட்டணம் யூனிட்டுக்கு ஒரு ரூபாய் ஏறினால் கையில் என்ன நிற்கும். கடைசி மூன்று கரண்ட் பில்லின் நகலை இணையுங்கள். இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம்.

குழு கருத்துக் கேட்டுப் பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கும். பெரும்பாலும் இரண்டு வாரம்தான் அவகாசம் இருக்கும். அதனால் கணக்கை இப்போதே எடுத்து வையுங்கள். மனு ஆங்கிலத்திலோ இந்தியிலோ கேட்பார்கள். தமிழில் நன்றாக எழுதிவிட்டு, கல்லூரிப் பேராசிரியர் யாரையாவது வைத்து மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள். "நேரில் வந்து சொல்லவும் விரும்புகிறோம்" என்ற வரியை விட்டுவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் கூப்பிட மாட்டார்கள். கொடுத்த மனு குழுவின் ஆவணமாகிவிடும், ரகசியமானது. வாட்ஸ்அப்பில் சுற்றவிடாதீர்கள்.

அப்புறம், அமைச்சகம் வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்கும் கட்டமும் உண்டு. 30 நாள் தர வேண்டும் என்பது 2014இலிருந்து இருக்கும் கொள்கை. எப்போதும் பின்பற்றுவதில்லை, ஆனால் தந்தால் விடாதீர்கள். அதே இரண்டு பக்கத்தை அங்கேயும் அனுப்பலாம்.

மசோதா இன்னும் வராத காலத்தில் எம்.பி.யிடம் ஒரு கேள்வி போடச் சொல்லுங்கள். எழுத்துமூலப் பதில் கேட்டால் போதும். குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும், எனவே கூட்டத்தொடர் தேதி அறிவித்த கையோடு போய்விடுங்கள். "விசைத்தறிக்கான மானியம் இந்தத் திருத்தத்தால் பாதிக்கப்படுமா?" என்று ஒரே வரி. பதிலில் அமைச்சர் சொல்வது அவைக்குறிப்பில் ஏறிவிடும். பின்னால் மசோதா வரும்போது உங்கள் மனுவின் முதல் இணைப்பாக அதை வைக்கலாம்.