நீக்கிய முகவரி மறுபடியும் வந்து நிற்கிறதே!

கேள்வி: குடியிருப்போர் சங்கத்தின் செயலாளராக இருக்கிறேன். ஜிமெயிலில் சுமார் 600 முகவரிகள் உள்ளன. ஓர் உறுப்பினரின் பழைய முகவரியை நீக்கிய பிறகும், பெயரைத் தட்டத் தொடங்கினால் அதுவே முதலில் வருகிறது. சிலர் இரண்டு மூன்று முறை பதிவாகியுள்ளனர். கடவுச்சொல்லைக் கொடுத்தால் சீராக்கித் தருவதாகக் கணினிக் கடைக்காரர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கவே வேண்டாம். கடவுச்சொல்லோடு உங்கள் வங்கிக் கடிதங்களும், மற்றக் கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் வழியும் அவர் கைக்குப் போய்விடும். அதற்குக் கூலி வேறு!

நீங்கள் கடிதம் எழுதியவர்களின் முகவரிகளை ஜிமெயில் உங்களைக் கேளாமலே 'அதர் கான்டாக்ட்ஸ்' என்ற தனிப் பட்டியலில் சேர்த்துவைக்கிறது. நீங்கள் நீக்கிய முகவரி அங்கிருந்துதான் தலைகாட்டுகிறது. கூகுள் கான்டாக்ட்ஸ் பக்கத்தைத் திறந்து, முதலில் 'எக்ஸ்போர்ட்' மூலம் ஒரு நகல் எடுத்துக்கொண்டு, பிறகு அந்தப் பட்டியலிலும் பழைய முகவரியை நீக்குங்கள். நகலை எக்செலில் திறந்து சேமித்துவிடாதீர்கள். தமிழ்ப் பெயர்கள் கிறுக்கலாகிவிடும், தொலைபேசி எண்ணின் முன்னிருக்கும் சுழியம் காணாமற்போகும். இனித் தானாகச் சேராதிருக்க, கணினியில் ஜிமெயில் அமைப்புகளுக்குச் சென்று, முகவரிகளை நானே சேர்த்துக்கொள்கிறேன் என்னும் தெரிவைக் குறித்துச் சேமியுங்கள்.

இரட்டைப் பதிவுகளை ஒன்றாக இணைக்க அதே பக்கத்தில் 'மெர்ஜ் அண்ட் ஃபிக்ஸ்' இருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் இணைக்காதீர்கள். நம் ஊரில் கணவனும் மனைவியும் ஒரே மின்னஞ்சலை வைத்திருப்பது வழக்கம். வீடு கணவர் பெயரில், சங்க உறுப்பினர் அம்மையார் என்றும் இருக்கும். மின்னஞ்சல் ஒன்றாக இருக்கிறதே என்று இணைத்துவிட்டால் இருவரில் ஒருவர் பெயர் மறைந்து, இருவர் கைப்பேசி எண்களும் ஒருவர் பெயரின்கீழ் கிடக்கும். ஆகவே ஒவ்வொன்றாகப் பார்த்து, ஆள் ஒருவரே என்று உறுதியான பிறகே இணையுங்கள்.

முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டிகளை வைத்துக்கொண்டு, நம் தலைப்பெழுத்தை எங்கே போடுவதென்று ஒரு சொல்லும் சொல்லாத இந்த அமைப்பைத்தான் நோகவேண்டும். 'கு. இராமன்' ஓரிடத்திலும் 'இராமன் கு.' வேறிடத்திலும் நிற்பது அதனால்தான். பெயரை முதல் பெட்டியிலும் தலைப்பெழுத்தை அடுத்ததிலும் இடுவதென்று ஒரே முறையை வைத்துக்கொள்ளுங்கள்.

தவறு நேர்ந்தால், 'அன்டூ சேஞ்சஸ்' மூலம் கடந்த 30 நாள்களுக்குள் முகவரிகள் இருந்த நிலைக்குத் திரும்பலாம். கடைக்காரரிடம் கடவுச்சொல்லை ஏற்கெனவே சொல்லியிருந்தால், முகவரிப் பட்டியலைத் தொடுமுன் அதை மாற்றிவிடுங்கள்.