ஸாக்குவின் காலில் சேறு – கடிதம்

அன்புள்ள சார்,

ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 36. மூன்று வருடமாக கன்ப்ளா செய்துவருகிறேன். ஜப்பானிய அனிமேஷன் தொடரான கன்டாம் கதைகளில் வரும் ரோபோக்களின் பிளாஸ்டிக் மாடல் கிட். வீட்டில் யாருக்கும் இது பிடிக்கவில்லை. மச்சான் வந்தால் பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிறேன். வாசிப்பும் குறைந்துவிட்டது.

இப்போது வரும் கிட்டுகளில் பாகங்கள் நிறத்தோடே வருகின்றன. பசைகூட வேண்டாம், அழுத்தினால் பொருந்திவிடும். அப்படியிருக்க பெயின்ட் அடிப்பது அவசியமா? காற்றழுத்தத்தில் பெயின்ட் தெளிக்கும் ஏர்பிரஷ், அதற்கான கம்ப்ரஸர் எல்லாம் சேர்த்து 25,000 ரூபாய் வரை ஆகிறது. வாங்கலாமா? கையேட்டைப் பார்த்துப் பொருத்துவதைக் கலை என்று சொல்ல முடியுமா? நான் பிரஷ்ஷால் பெயின்ட் அடித்த ஒரே கிட்டின் படத்தை இணைத்திருக்கிறேன். பிரிக்காத பெட்டிகள் இன்னும் பதினான்கு இருக்கின்றன. என் பெயரைப் போட வேண்டாம்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் என் மேசையில் இருக்கும் ஸாக்குவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கன்டாம் கதையில் எதிரிப் படையின் ரோபோ அது. பச்சை உடம்பு, ஒற்றைக் கண், 12 சென்டிமீட்டர் உயரம். 1998-ல் ஜப்பானில் ஹமமட்சுவில் எனக்குக் கிடைத்தது. துடைக்கும்போது இடது கணுக்காலை மட்டும் எப்போதும் விட்டுவிடுவேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மச்சான் விஷயத்தில் நான் சொல்ல ஒன்றுமில்லை. பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து அலமாரியில் வையுங்கள், ஒளித்து வைக்கிற பொருளைத்தான் வீட்டில் உள்ளவர்கள் கேலி செய்வார்கள். வாசிப்பு குறைந்ததற்கு கிட்டைக் காரணம் சொல்லாதீர்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பாகங்களை வெட்டும் நிப்பரைப் பிடிக்கிறீர்கள், எத்தனை மணி நேரம் போனைப் பிடிக்கிறீர்கள் என்று கணக்குப் பார்த்தால் தெரிந்துவிடும். கலையா இல்லையா என்ற கேள்வியையும் விட்டுவிடுங்கள். ஒரே பதினைந்து புள்ளிக் கோலத்தை ஒரு தெருவில் பத்துப் பேர் போடுகிறார்கள். எந்த வாசலில் நின்று பார்க்கத் தோன்றுகிறது என்பது நமக்குத் தெரியும். அது போதும்.

அந்தப் பதினான்கு பெட்டிகளை அப்படி விட முடியாது. ஜப்பானில் இதற்கு ஒரு சொல்லே உண்டு: ‘ட்ஸுமிப்புரா’, அதாவது அடுக்கி வைத்த மாடல்கள். மூன்று வருடத்தில் பெயின்ட் அடித்தது ஒன்று. பிரிக்காதவை பதினான்கு. இந்த நிலையில் கம்ப்ரஸர் வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள் எஸ்., உங்களுக்கு இப்போது வேலையைவிட வாங்குவது பிடித்திருக்கிறது. கம்ப்ரஸர் வந்தால் அது பதினைந்தாவது பெட்டியாக உட்கார்ந்திருக்கும்.

சரி, படத்துக்கு வருகிறேன். பொருத்தியதில் குறை இல்லை. பாகங்களைச் சட்டத்தோடு இணைக்கும் ‘கேட்’டை வெட்டிய இடங்களில் வெள்ளைத் தழும்பு எங்கும் தெரியவில்லை. முதலில் கொஞ்சம் தள்ளி வெட்டி, பிறகு ஒட்ட வெட்டி, 400, 600, 800 என்று உப்புத்தாள் போட்டிருக்கிறீர்கள். பொறுமையான கை. ஆனால் அதற்குப் பிறகு என்ன செய்தீர்கள்? உடம்பில் இருக்கும் எல்லா விளிம்பிலும் ஒரே அளவில் வெள்ளி நிறம், சேலைக்கு ஜரிகை வைத்ததுபோல. மார்பு, முதுகு, பிடரி எங்கும் துரு, மிளகாய்ப்பொடி தூவியதுபோல. பிடரியில் எப்படி அப்பா துரு பிடிக்கும்? அங்கே தண்ணீர் தேங்க இடம் இருக்கிறதா? எது உரசுகிறது? ஏதோ ஒரு வீடியோவில் ஸ்பாஞ்சைப் பிய்த்து ஒற்றச் சொன்னார்கள், நீங்கள் ஒற்றிவிட்டீர்கள். பகல் முழுக்க ஓர் அளவுக் கருவியில் எங்கே தேய்மானம் என்று பார்த்துச் சம்பளம் வாங்குகிற மனிதர் நீங்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அந்தக் கண்ணைக் கழற்றி வைத்துவிட்டு பிரஷ்ஷை எடுத்திருக்கிறீர்கள். எனக்கு அதுதான் வருத்தம்.

நான் ஹமமட்சுவில் பதினோரு மாதம் பயிற்சிக்காக இருந்தேன். எங்கள் பிரிவின் தலைவரை ‘ஹன்ச்சோ’ என்று கூப்பிடுவோம். ஐம்பது வயது, அதிகம் பேசாதவர். விடுதியில் என் பக்கத்து அறை. இரவு பத்து மணிக்கு மேல் அந்த அறையிலிருந்து தின்னர் வாசனை வரும். ஒரு நாள் கதவைத் தட்டிப் பார்த்தேன். செய்தித்தாளை விரித்துப்போட்டு ஒரு ஸாக்குவை பிரஷ்ஷால் பூசிக்கொண்டிருந்தார். அப்போதே எல்லா நிறமும் பிளாஸ்டிக்கிலேயே வரும் கிட்டுகள் கடைகளில் இருந்தன. அவர் வாங்கிவைத்திருந்தது மறுபடி மறுபடி அச்சிடப்படும் பழைய 300 யென் கிட். பசை போட்டு ஒட்ட வேண்டும், நிறம் நாமே அடிக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, டிசம்பர் மாதம், அந்த ஸாக்குவைத் துண்டில் சுற்றி மதியச் சாப்பாட்டு டப்பாவில் வைத்துக்கொண்டு என்னையும் சைக்கிளில் டென்ரியூ ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனார். அந்த ஊரில் குளிர்காலத்தில் ‘கரக்கஸே’ என்று ஒரு வறண்ட காற்று அடிக்கும், சைக்கிளை மிதிக்கவே விடாது. கரையில் மண் வாரும் மஞ்சள் நிற இயந்திரம் ஒன்று நின்றிருந்தது. லீவு நாள், ஆள் யாரும் இல்லை. எனக்கு ஜப்பானிய மொழி அரைகுறை, அவருக்கு ஆங்கிலம் கிடையாது. அதனால் அவர் விரலால் மட்டும் காட்டினார்.

மண் அள்ளும் வாளியின் பற்களில் பெயின்ட் துளியும் இல்லை, தேய்த்துக் கழுவிய எவர்சில்வர் போலப் பளபளத்தது. அதற்கு ஒரு சாண் மேலே மெல்லிய ஆரஞ்சுத் துரு. இன்னும் மேலே மஞ்சள் கீறல் கீறலாக. கையின் மேல்பக்கம் வெயிலில் வெளுத்திருந்தது, அடிப்பக்கம் புது மஞ்சள். மூட்டு ஊசிகளைச் சுற்றி கிரீஸ் கசிந்து, அதில் ஆற்றுமணல் ஒட்டிக் கறுப்பு வளையம். ஹைட்ராலிக் தண்டில் மட்டும் ஒரு துளி அழுக்கு கிடையாது, உள்ளே போய் வெளியே வந்து தன்னைத் தானே துடைத்துக்கொள்கிறது. ஏறும் படியின் நடுவில் பூட்ஸ் பட்டுப் பெயின்ட் போயிருந்தது, இரண்டு ஓரத்திலும் அப்படியே இருந்தது. கதவுக் கைப்பிடியைச் சுற்றிக் கை அழுக்கு. ஒவ்வொன்றையும் காட்டிவிட்டு டப்பாவைத் திறந்து ஸாக்குவில் அதற்குச் சமமான இடத்தைக் காட்டுவார். முழங்காலுக்குப் பின்னால். வயிற்றில் இருக்கும் ஓட்டுநர் அறையின் கதவு விளிம்பில். பாதத்தின் முன்பக்கம். ஒரு மணி நேரம் அங்கே நின்றோம். என் வாழ்நாளில் எனக்கு எழுத்தைப் பற்றிக் கிடைத்த பாடங்களில் அது ஒன்று என்று சொன்னால் மிகையில்லை.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. கன்டாம் தொலைக்காட்சித் தொடர் 1979 ஏப்ரலில் தொடங்கியது. 52 வாரத்துக்குத் திட்டமிட்டார்கள். பார்ப்பவர்கள் குறைவு, விளம்பரதாரரின் பொம்மைகளும் எதிர்பார்த்தபடி விற்கவில்லை, 43-வது வாரத்தில் நிறுத்திவிட்டார்கள். 1980 ஜூலையில் பண்டாய் என்ற பொம்மை நிறுவனம் முதல் மாடல் கிட்டை வெளியிட்டது. 1/144 அளவு, அதாவது கதையில் வரும் ரோபோவின் உயரத்தில் 144-ல் ஒரு பங்கு. விலை 300 யென். நின்றுபோன கதைக்கு உயிர் கொடுத்ததில் அந்தச் சின்னப் பெட்டிக்குப் பெரிய பங்கு உண்டு. அதை வாங்கிய பையன்களில் சிலர் ஏற்கெனவே டாங்கி மாடல்கள் செய்துகொண்டிருந்தவர்கள். ‘ஸ்ட்ரீம் பேஸ்’ என்று ஒரு குழு. டாங்கிக்கு எப்படிப் புழுதியும் புகையும் சேறும் பூசுவார்களோ அதே முறையில் ரோபோவுக்கும் பூசினார்கள். 1981-ல் ‘ஹாபி ஜப்பான்’ என்ற மாடல் இதழ் அவர்கள் வேலையைத் தனிச் சிறப்பிதழாகவே போட்டது. அவர்களில் ஒருவரான கட்ஸுமி கவாகுச்சி பின்னாளில் பண்டாயிலேயே வேலைக்குச் சேர்ந்தார்.

அவர்களுக்கு அது ஏன் தோன்றியது? இயக்குநர் டொமினோ அந்தக் கதையில் ரோபோவை ஆயுதமாக வைத்தார். அதற்கு முந்தைய ராட்சத ரோபோக்கள் பெரும்பாலும் சாமி மாதிரி. கூப்பிட்டால் வரும், வெல்லும், போகும். ஸாக்கு அப்படி இல்லை. தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்த இயந்திரம். குண்டு தீர்ந்துபோகும், கை உடையும், யாராவது ரிப்பேர் செய்ய வேண்டும்.

தமயந்தி சுயம்வரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மண்டபத்தில் ஐந்து நளன்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நான்கு பேர் தேவர்கள். முகத்தில் வித்தியாசம் இல்லை, உடையில் இல்லை. அவள் வேறு எதையோ பார்க்கிறாள். யார் கண் இமைக்கிறது, யார் மாலை வாடியிருக்கிறது, யார் மேல் வியர்வையும் புழுதியும் இருக்கிறது, யார் கால் தரையில் படுகிறது. அவன் கழுத்தில் மாலையைப் போடுகிறாள். பெட்டியிலிருந்து எடுத்துப் பொருத்தி அப்படியே நிறுத்திய ரோபோ அந்த நான்கு பேரில் ஒருவன். அழகாகத்தான் இருப்பான். அவன் கால் தரையில் படவில்லை. பெயின்ட் அவசியமா என்று கேட்டீர்களே, ஐந்தாவது ஆள் வேண்டுமென்றால் அவசியம். ஆனால் உங்கள் படத்தில் இருப்பது போலப் பூசினால் அவன் ஐந்தாவது ஆளும் ஆகமாட்டான், மேக்கப் போட்ட தேவன் ஆவான். வாடிய மாலை வாடிய இடத்தில்தான் வாடியிருக்க வேண்டும்.

ஏர்பிரஷ் இல்லாமல் முடியுமா என்று இன்னும் சந்தேகம் இருந்தால் கோ யோகோயாமாவின் வேலையைத் தேடிப் பாருங்கள். 1982 முதல் ‘ஹாபி ஜப்பான்’ இதழில் மனிதர் உள்ளே புகுந்து இயக்கும் தன் சொந்த ரோபோ உடைகளை, டாங்கி, விமான கிட்டுகளின் மிச்சப் பாகங்களை ஒட்டியே செய்தவர். பிரஷ்ஷால் பூசுவதற்கே பேர் போனவர். அவருடைய பிரஷ் கோடுகள் தெரியும், மறைக்கமாட்டார்.

அப்புறம், இரண்டாவது கிட்டுக்குச் சில விஷயங்கள். பெயின்ட் பால் பதத்துக்கு இருக்கட்டும். ஒரே பூச்சில் மறைக்கப் பார்க்காதீர்கள். மெல்லியதாக மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகு, முதல் பூச்சு நெடுக்கில் என்றால் அடுத்தது குறுக்கில். பளபளப்பைக் கொல்ல மேட் ஸ்ப்ரே அடிக்கும்போது மழை நாளாகப் பார்த்து அடித்துவிடாதீர்கள், ஈரத்தில் வெள்ளை பூத்துவிடும். அளவை மறக்காதீர்கள்: 1/144-ல் நீங்கள் வைக்கும் ஒரு மில்லிமீட்டர் கீறல் நிஜத்தில் 14 சென்டிமீட்டர். உங்கள் படத்தில் தோளில் இருக்கும் சிராய்ப்புகளை அப்படிப் பெருக்கினால் ஒவ்வொன்றும் ஒரு தண்ணீர்க்குடம் அளவு. அதை அடித்தது யார், எதால், எந்தப் பக்கத்திலிருந்து என்று யோசித்துவிட்டு பிரஷ்ஷை வையுங்கள். ஆறு கீறல் போதும்.

எனாமல் தின்னரில் கரைத்த அழுக்கு நிறத்தை ஓடவிடும்போது மிகவும் கவனம். ஹமமட்சுவில் ஹன்ச்சோ என்னிடம் ஸாக்குவைக் கொடுத்துப் பூசச் சொன்னார். நான் மூட்டுகளைக் கழற்றாமல் தாராளமாக ஊற்றிவிட்டேன். இறுக்கமாகப் பொருந்தியிருக்கும் பிளாஸ்டிக்குக்குள் அந்தத் தின்னர் இறங்கினால் விரிசல் விட்டுவிடும், எனக்கு அப்போது தெரியாது. காலையில் பார்த்தால் இடது கணுக்கால் பிளந்திருந்தது. இரண்டு மாதம் அவர் பூசிய பொம்மை. நான் மன்னிப்புக் கேட்கத் தெரிந்த எல்லாச் சொற்களையும் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் விரிசலுக்குள் பசையை விட்டு அழுத்திப் பிடித்துக்கொண்டார். இரண்டு நாள் காயவைத்து உப்புத்தாள் போட்டார். பிறகு கணுக்காலைச் சுற்றிச் சேறு பூசினார், டென்ரியூ கரையில் பார்த்த அதே வெளிறிய சாம்பல்பழுப்பு. வலது காலில் சேறு பாதத்தோடு நிற்கும், இடது காலில் கணுக்கால்வரை ஏறியிருக்கும். அந்தக் கால் ஏதோ பள்ளத்தில் இறங்கி ஏறியதாக ஆகிவிட்டது. நான் ஊர் திரும்பும் நாளில் அதே சாப்பாட்டு டப்பாவில் வைத்துக் கொடுத்தார்.

நீங்கள் ஓசூரில் இருக்கிறீர்கள். தெருவுக்குத் தெரு லேத் பட்டறை, லாரி பட்டறை, பாலம் கட்டும் இடங்களில் ஜேசிபி. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டிகளில் ஒன்றை மட்டும் பிரித்துப் பொருத்தி எடுத்துக்கொண்டு போய் ஒரு ஜேசிபி பக்கத்தில் நில்லுங்கள். ஓட்டுநர் இருந்தால் அவரிடமே கேளுங்கள், எது முதலில் தேயும், எங்கே எண்ணெய் கசியும் என்று. சந்தோஷமாகச் சொல்வார். மச்சானையும் கூட்டிப்போகலாம்.

கம்ப்ரஸர் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அந்தப் பதினான்கில் நான்கு முடியட்டும், அப்புறம் எழுதுங்கள். அடுத்த கடிதத்தோடு ரோபோ படம் வேண்டாம். அந்த ஜேசிபியின் வாளியையும் ஏறும் படியையும் கிட்டத்தில் எடுத்து அனுப்புங்கள்.

அன்புடன்.