டிகாஷன் ஏன் இறங்கவில்லை? காபிப் பொடியும் ஃபில்டரும்: கேள்வி-பதில்

கேள்வி: கடையில் 80:20, 70:30, 60:40 என்று பல கலவைகள் இருக்கின்றன. 60:40 விலை குறைவாகவும் டிகாஷன் நல்ல கறுப்பாகவும் இருக்கிறது. அதையே வாங்கலாமா?

முதல் எண் காபி, இரண்டாவது சிக்கரி. சிக்கரி என்பது காபிக் கொட்டை அல்ல. ஒரு செடியின் வேரை நறுக்கி, உலர்த்தி, வறுத்து அரைத்தது. அதில் கஃபைன் கிடையாது. நிறம், கெட்டித்தன்மை, லேசான கசப்பு கலந்த இனிப்பு ஆகியவற்றைத்தான் அது தரும். டிகாஷன் கறுப்பாக இருக்கிறது என்பதை வைத்து காபி அதிகம் என்று முடிவு கட்டக் கூடாது. பெரும்பாலும் அது சிக்கரியின் நிறம்.

சட்டப்படி காபி-சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இரண்டும் எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டில் அச்சிட்டிருக்க வேண்டும். பெயர் பெரிய எழுத்தில் இருக்கும், இந்த வரி பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். முதலில் அதைப் படியுங்கள்.

விலையை ஒப்பிடும்போது கவரின் விலையைப் பார்க்காமல் உள்ளே இருக்கும் காபியின் விலையைப் பாருங்கள். ஒரு கணக்குக்கு, 80:20 கிலோ 760 ரூபாய், 60:40 கிலோ 740 ரூபாய், சிக்கரி மட்டும் கிலோ 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் கவரில் சிக்கரிக்கு 40 ரூபாய் போக, 800 கிராம் காபிக்கு 720 ரூபாய், அதாவது கிலோவுக்கு 900. இரண்டாவதில் சிக்கரிக்கு 80 ரூபாய் போக, 600 கிராம் காபிக்கு 660 ரூபாய், அதாவது கிலோவுக்கு 1,100. இருபது ரூபாய் மிச்சம் என்று நினைத்து வாங்குவது உண்மையில் விலை கூடிய காபி. கடைக்காரர் சொல்லும் விலையை வைத்து இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

பால் காபிக்கு 80:20 அல்லது 85:15 போதும். 60:40-க்குப் பழகிய நாக்குக்கு முதலில் சப்பென்று இருக்கும். பொடியின் அளவைக் கொஞ்சம் கூட்டினால் அது சரியாகிவிடும்.

கேள்வி: சிக்கரி அதிகம் சேர்த்திருக்கிறார்களா என்று வீட்டில் கண்டுபிடிக்க முடியுமா?

கண்ணாடி டம்ளரில் குளிர்ந்த தண்ணீர் எடுத்து, அரை ஸ்பூன் பொடியை மேலாகத் தூவுங்கள். கலக்க வேண்டாம். காபித் துகள் எண்ணெய்ப் பசை உள்ளது, அதனால் மிதக்கும். சிக்கரி உடனே தண்ணீரைக் குடித்து, பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டே கீழே இறங்கும். இதில் துல்லியமான சதவீதம் தெரியாது. ஆனால் 'சுத்த காபி' என்று விற்ற பொடியில் கோடு கோடாக இறங்கினால் கேட்க வேண்டிய கேள்வி இருக்கிறது என்று பொருள். ரசீதையும் கவரையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். ரசீது இல்லாமல் புகாரை நிரூபிப்பது கடினம் என்பதால், உதிரியாக அரைத்து வாங்கும்போதும் பில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பீபெரி, பிளாண்டேஷன் ஏ, செர்ரி, ரோபஸ்டா என்று பலகையில் எழுதியிருக்கிறார்கள். பீபெரிக்கு ஏன் கூடுதல் விலை? கொடுக்கலாமா?

இந்தியக் காபி வணிகத்தில் 'பிளாண்டேஷன்' என்றால் பழத்தின் தோலைப் பிரித்து, கழுவி உலர்த்திய அராபிகா (அராபிகா, ரோபஸ்டா இரண்டும் காபியின் இரு இனங்கள்). 'செர்ரி' என்றால் பழத்தோடு அப்படியே வெயிலில் உலர்த்திய கொட்டை. அது அராபிகாவாகவும் இருக்கலாம், ரோபஸ்டாவாகவும் இருக்கலாம். ஏ, பி என்பவை கொட்டையின் அளவையும் தரத்தையும் குறிப்பவை. சாதாரணமாக ஒரு காபிப் பழத்துக்குள் இரண்டு கொட்டைகள் முகத்தோடு முகம் ஒட்டித் தட்டையாக இருக்கும். ஒன்றே ஒன்று உருண்டையாக விளைந்தால் அது பீபெரி. விளைச்சலில் கொஞ்சமே கிடைக்கும், தனியாகப் பொறுக்க வேண்டும், அதனால்தான் விலை.

பீபெரி ரோபஸ்டாவிலும் உண்டு. 'பீபெரி' என்று மட்டும் சொன்னால் "அராபிகாவா, ரோபஸ்டாவா?" என்று கேளுங்கள். பால் சேர்த்த பிறகு நல்ல பிளாண்டேஷன் ஏ-வுக்கும் பீபெரிக்கும் உள்ள வித்தியாசம் சிறியது. போன வாரம் வறுத்ததற்கும் மூன்று மாதம் முன்பு வறுத்ததற்கும் உள்ள வித்தியாசம் பெரியது. கூடுதல் பணத்தைப் புதிதாக வறுத்த கொட்டைக்குக் கொடுங்கள்.

ரோபஸ்டா மட்டம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. அராபிகாவைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கஃபைன் அதில் உண்டு. பாலையும் சர்க்கரையையும் தாங்கி நிற்கும் கனமும் உண்டு. பிளாண்டேஷன் ஏ 70 பங்கு, ரோபஸ்டா 30 பங்கு, அதன் மேல் சிக்கரி 15 சதவீதம் என்று அரைத்துத் தரச் சொல்லிப் பாருங்கள். வாசனையும் திடமும் சேர்ந்து கிடைக்கும். காலையில் ஒரு டம்ளருக்கு மேல் குடித்தால் படபடப்பு வருகிறவர்கள் மட்டும் ரோபஸ்டாவைத் தவிர்க்கலாம்.

கேள்வி: மூன்று பேருக்கு டிகாஷன் போட சரியான அளவு என்ன? சில நாள் கள்ளிச்சொட்டாக இறங்குகிறது, சில நாள் தண்ணீராக ஓடுகிறது, சில நாள் இறங்குவதே இல்லை.

பொடி 30 கிராம், தண்ணீர் 150 மி.லி. தராசு இல்லாவிட்டால் தட்டையாக வழித்த டேபிள்ஸ்பூனில் ஐந்து அல்லது ஆறு. பொடி தன் எடையைப் போல இரண்டு மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே கீழே இறங்குவது சுமார் 90 மி.லி. ஆளுக்கு 30 மி.லி. டிகாஷன், 100 மி.லி. பால்.

மேல் பாத்திரம் ஈரமில்லாமல் இருக்கட்டும். பொடியைப் போட்டு, பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டிச் சமப்படுத்துங்கள். காம்பு வைத்த தட்டை, அதாவது குடையை, அதன் மேல் வைத்து லேசாக அழுத்துங்கள். கையின் பாரம் போதும். தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து அரை நிமிடம் விடுங்கள். முதலில் இரண்டு டேபிள்ஸ்பூன் தண்ணீரைக் குடையின் மேல் வட்டமாக ஊற்றி அரை நிமிடம் காத்திருங்கள். பொடி ஊறி உப்பும், அடைபட்டிருந்த காற்று குமிழியாக வெளியேறும். பிறகு மிச்சத் தண்ணீரை மெதுவாக ஊற்றி மூடுங்கள். ஓரிரு நிமிடத்தில் சொட்ட ஆரம்பித்து, பதினைந்து இருபது நிமிடத்தில் முழுதும் இறங்கிவிட வேண்டும்.

இறங்கவே இல்லை என்றால் முதலில் மேல் பாத்திரத்தைத் துணியால் பிடித்து ஒரு நூல் அளவு தூக்கி மறுபடி வையுங்கள். இரண்டு பாத்திரமும் இறுக்கமாகப் பொருந்தியிருந்தால் கீழே உள்ள காற்றும் ஆவியும் வெளியேற வழியின்றி டிகாஷனைத் தடுத்து நிற்கும். தூக்கியதும் சொட்டத் தொடங்கினால் குறை அதுதான். அடுத்த தடவை கொஞ்சம் தளர்வாகப் பொருத்துங்கள். அப்படியும் இறங்காவிட்டால் பொடி அதிகம் நைசாக இருக்கிறது, அல்லது சிக்கரி அதிகம், அல்லது குடையை ஓங்கி அழுத்தியிருக்கிறீர்கள். சிக்கரி தண்ணீரில் உப்பி வழியை அடைக்கும். கரண்டியால் மேலே தட்டுவதோ பொடியைக் கிளறுவதோ வேண்டாம். நைசான தூள் கீழே போய்த் துளையை அடைத்துவிடும்.

தண்ணீராக ஓடினால் இதற்கு நேர்மாறு. பொடி பருமனாக இருக்கிறது, அல்லது பெரிய ஃபில்டரில் கொஞ்சமாகப் போட்டிருக்கிறீர்கள், அல்லது குடையை வைக்காமல் தண்ணீரை ஒரே இடத்தில் கொட்டியதில் பொடியில் குழி விழுந்து தண்ணீர் அந்த வழியாகவே போய்விட்டது. சிக்கரி சேர்ந்த பொடியிலிருந்து சுத்த காபிக்கு மாறும்போதும் இது நடக்கும். தண்ணீரைத் தடுத்து நிறுத்தச் சிக்கரி இல்லை அல்லவா? ஒரு சுற்று நைசாக அரைக்கச் சொல்லுங்கள், பொடியையும் 5 கிராம் கூட்டுங்கள்.

பொடியை விரலிடையில் தேய்த்துப் பாருங்கள். லேசான நறநறப்பு தெரிய வேண்டும். மைதாவின் வழுவழுப்பு இருந்தால் அதிகம் நைசானது. ரவையின் பருமன் இருந்தால் ஃபில்டருக்கு ஆகாது.

இறங்கிய டிகாஷனை அடுப்பில் வைத்துச் சூடாக்கக் கூடாது. வாசனை பறந்து கசப்பு மட்டும் நிற்கும். பாலைச் சூடாக்கிக் கலந்தாலே போதும். ரொம்ப ஆறிப்போனால் டிகாஷன் கிண்ணத்தைக் கொதித்த தண்ணீரில் இரண்டு நிமிடம் வையுங்கள்.

கேள்வி: பித்தளை ஃபில்டர் வாங்கலாமா, எவர்சில்வரே போதுமா?

ருசியில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. பித்தளை பார்க்க அழகு. ஆனால் உள்ளே ஈயம், அதாவது வெள்ளீயம், பூசியிருக்க வேண்டும், பூச்சு தேய்ந்தால் மறுபடி பூசக் கிடைக்க வேண்டும். அந்த வசதி உங்கள் ஊரில் இல்லையென்றால் எவர்சில்வர் வாங்குங்கள்.

எதை வாங்கினாலும் மேல் பாத்திரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். துளைகள் ஒரே அளவில், பிசிறில்லாமல், ஓரம் வரை பரவியிருக்க வேண்டும். குடை பக்கச் சுவரில் உரசாமல் இறங்க வேண்டும். அளவு முக்கியம். நீங்கள் வழக்கமாகப் போடும் பொடி மேல் பாத்திரத்தில் மூன்றில் ஒரு பங்காவது நிற்க வேண்டும். விருந்தாளிக்கு என்று பெரிதாக ஒன்று வாங்கி அதிலேயே இரண்டு பேருக்குப் போட்டால் திடமே வராது. சின்னது ஒன்று, பெரியது ஒன்று என்று இரண்டு வைத்துக்கொள்வதுதான் நல்லது.

துளை அடைத்த எவர்சில்வர் ஃபில்டரைச் சோடா உப்பு போட்ட வெந்நீரில் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் அடிப்பக்கத்திலிருந்து தேயுங்கள். சிலர் தணலில் காட்டி அடைப்பை எரிப்பார்கள். ஈயம் பூசிய பித்தளையில் அதைச் செய்யவே கூடாது. ஈயப் பூச்சு 232 டிகிரியிலேயே உருகிவிடும்.

கேள்வி: பொடியை ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

வேண்டாம். டப்பாவைத் திறந்து திறந்து மூடும்போது குளிர்ந்த பொடியில் ஈரம் படியும், பக்கத்திலிருக்கும் வெங்காய வாசனையும் ஏறும். காற்றுப் புகாத டப்பாவில், அடுப்புக்குத் தள்ளி, இருட்டான அலமாரியில் வையுங்கள். பத்து நாளில் தீரும் அளவு மட்டும் வாங்குங்கள். மாதத்துக்கு ஒரு கிலோ வாங்குவதைவிட மூன்று நாலு தடவையாக 250 கிராம் வாங்குவது மேல். அரைத்த சூட்டோடு கவரில் கட்டிக் கொடுத்தால் வீட்டுக்கு வந்ததும் திறந்து, ஆறவிட்டு, பிறகு டப்பாவில் போடுங்கள்.

கேள்வி: பால் சேர்த்ததும் சில சமயம் திரிந்துவிடுகிறது. எந்தப் பால் நல்லது?

காபி இயல்பிலேயே கொஞ்சம் புளிப்பு உள்ளது. கெடத் தொடங்கும் நிலையில் உள்ள பால் தனியாகக் கொதிக்கும்போது தாக்குப்பிடிக்கும், டிகாஷன் பட்டதும் திரியும். குறை பாலில்தான். லேசாக வறுத்த கொட்டையில் புளிப்பு இன்னும் அதிகம் என்பதால் அதில் சீக்கிரம் திரியும்.

பாக்கெட்டில் கொழுப்புச் சதவீதத்தைப் பாருங்கள். முழுக் கொழுப்புப் பாலில் 6, நிலைப்படுத்தியதில் 4.5, சமன்படுத்தியதில் 3. காபிக்கு முதல் இரண்டும் பொருத்தம். தண்ணீர் சேர்க்காமல் ஒரு தடவை பொங்கவிட்டு உடனே கலக்குங்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சிய பாலில் ஏறும் காய்ச்சல் வாடை காபியின் மணத்தை அமுக்கிவிடும்.

கேள்வி: மோக்கா பாட் வாங்கினால் நம் ஃபில்டர் பொடியையே அதில் போடலாமா?

சிக்கரி கலந்ததைப் போடாதீர்கள். மோக்கா பாட் என்பது அடுப்பில் வைக்கும் காபிப் பாத்திரம்; அதில் ஆவி அழுத்தம் தண்ணீரைப் பொடி வழியாக மேலே தள்ளுகிறது. சிக்கரி உப்பி அடைத்தால் அழுத்தம் ஏறும். சிக்கரி இல்லாத காபியைக் கூடை நிறைய நிரப்பி, அழுத்தாமல் மட்டப்படுத்துங்கள். தண்ணீர் உள்பக்கத்துச் சேஃப்டி வால்வுக்குக் கீழே நிற்க வேண்டும். வால்வில் கறை படிந்து அடைத்திருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள்.

வாங்கும் முன் இன்னொன்று. பெரும்பாலான மோக்கா பாட்கள் அலுமினியத்தில் செய்தவை, இண்டக்ஷன் அடுப்பில் சூடாகாது. வீட்டில் இண்டக்ஷன் மட்டும் இருந்தால், அதற்கு ஏற்றது என்று பெட்டியில் அச்சிட்ட எவர்சில்வர் வகையைக் கேட்டு வாங்குங்கள். அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடலாம்.