பழைய எம்ஜிபி காரின் முன்பக்கம் ஆடுகிறது. டெலஸ்கோபிக் அப்சார்பர் போடலாமா?

உங்கள் 1971ஆம் ஆண்டு எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் முன்பக்கம் தோட்டச் சாலையில் அலைபாய்கிறது என்றும், அதற்கு டெலஸ்கோபிக் அப்சார்பர் (குழாய் வடிவ அதிர்வுத் தாங்கி) கிட் வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அதே வகைக் காரைப் பல ஆண்டுகளாக ஓட்டிவருபவன் என்ற முறையில், இப்போதைக்கு வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

1962இல் அறிமுகமான இந்தக் காரில் முன்பக்க லீவர் (நெம்புகோல் வகை) அப்சார்பரின் கைகளே, சக்கரத்தைக் காருடன் இணைத்துத் தாங்கும் மேல் கையான விஷ்போனாகவும் இருக்கின்றன. கடைகளில் கிடைக்கும் கிட்டுகளில் பல, அந்த லீவரை மேல் இணைப்பாக அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு புதிய அப்சார்பரைச் சேர்க்கின்றன. ஆகவே லீவரின் தண்டு தேய்ந்து எண்ணெய் கசிந்துகொண்டிருந்தால், எத்தனை வெள்ளி கொட்டிக் கிட் போட்டாலும் சக்கரத்தின் ஆட்டம் நிற்காது.

முதலில் காரை ஜாக்கில் தூக்கி, தாங்கிகளில் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால், வீட்டில் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள். அப்போது ஆட்டம் மறைந்தால் பேரிங்கைச் சரிசெய்தால் போதும். மறையாவிட்டால், சக்கரம் இடவலமாகத் திரும்பும் அச்சான கிங்பின்னையோ அதன் கீழ் மூட்டையோ சந்தேகிக்க வேண்டும். அங்கே பக்கத்துக்கு மூன்று கிரீஸ் நிப்பிள்கள் (கிரீஸ் ஏற்றும் சிறு முனைகள்) உண்டு. சக்கரம் தரையில் படாமல் தொங்கும்போது கிரீஸ் அடித்தால்தான் அது எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும். என் காரில் கீழ் நிப்பிள் செம்மண்ணால் அடைபட்டு, கிரீஸ் உள்ளே போகாமல் வெளியே பிதுங்கி வழிந்ததை நான் வெகுநாள் கவனிக்கவில்லை.

செலவுக்கு மிஞ்சிய பலன் தரும் மேம்பாடு என்றால் கீழ் விஷ்போனின் மூட்டில் மெத்தைபோல் இருக்கும் புஷ்களைத்தான் சொல்வேன். வழக்கமான இரட்டைத் துண்டு ரப்பருக்குப் பதிலாக, 1973 முதல் 1976 வரை வந்த வி8 மாடலின் உலோகக் குழாயுடன் கூடிய ஒற்றைப் புஷ்களைப் போடலாம். பாலியூரித்தேன் இன்னும் விறைப்பானது. அது பந்தயத் தடத்துக்குப் பொருந்தும், நம் குண்டுகுழிகளுக்கு வேண்டாம் என்பது என் எண்ணம். வி8 புஷ்ஷின் நட்டுகளைக் கார் தன் எடையில் தரையில் நின்ற பிறகே இறுக்க வேண்டும். நான் அவசரப்பட்டு, ஜாக்கில் சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே இறுக்கிவிட்டேன். கார் தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு, அதே நிலையில் ஓடி ஓடி, சில மாதங்களில் குழாயை விட்டுக் கிழிந்தது.

இவற்றுக்குப் பிறகும் வளைவுகளில் கார் சாய்வதாகத் தோன்றினால், முக்கால் அங்குலத் தடிமனுள்ள ஆன்டி-ரோல் பாரை (சாய்வைக் குறைக்கும் கம்பி)ப் பரிசீலிக்கலாம்; ஆனால் முன்பக்கம் மட்டும் மிகவும் விறைப்பானால், ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் கார் வெளிப்பக்கமாகவே தள்ளிக்கொண்டு போகும். குட்டை ஸ்பிரிங் போட்டுக் காரைத் தாழ்த்தும் யோசனையைக் கைவிட்டுவிடுங்கள். செம்பனைக் குலை லோரிகள் பள்ளமாக்கிய எங்கள் சாலையில், தாழ்த்தாத என் காரின் எக்ஸாஸ்ட் குழாயே நடுமேட்டில் உரசிக்கொண்டுதான் போகிறது.